பிள்ளைகளை வரிசையில் நிறுத்தாமலே பிக், பிக்கர், பிக்கஸ்ட் சொல்லிக்கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது பற்றி உங்கள் பத்திரிகையில் நிறையக் கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலும் அவை தமிழ் வழியா ஆங்கில வழியா என்ற பெரிய விவாதத்தில் போய் நின்றுவிடுகின்றன. நான் அதற்குள் போகவில்லை. நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவள் என்ற முறையில் ஒரே ஒரு பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற விஷயம். டிகிரீஸ் ஆஃப் கம்பேரிசன், அதாவது ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது. இதைப் படிக்கிற எல்லோரும் ஏதோ ஒரு வகுப்பில் நோட்டில் மூன்று கட்டம் போட்டு, பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று தலைப்பு எழுதி, குட் பெட்டர் பெஸ்ட், பேட் வொர்ஸ் வொர்ஸ்ட் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்திருப்பீர்கள்.

இன்றும் அந்தப் பாடம் பெரும்பாலும் இரண்டு வழிகளில்தான் நடக்கிறது. ஒன்று அந்த மூன்று கட்டப் பட்டியல். இன்னொன்று, வகுப்பில் மூன்று பிள்ளைகளை எழுப்பி முன்னால் நிறுத்தி, இவன் உயரம், இவனை விட அவன் உயரம், எல்லாரையும் விட இவள் உயரம் என்று கை நீட்டிக் காட்டுவது. பட்டியலால் பெரிய பயன் இல்லை, ஆனால் அதனால் யாருக்கும் காயமும் இல்லை. இரண்டாவது வழி காயப்படுத்துகிறது. அதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் பாடம் கெடாது, இன்னும் நன்றாகவே நடக்கும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மூன்று பிள்ளைகளை நிறுத்தினால் ஒரு பிள்ளை கட்டாயம் கடைசியில் நிற்கும். உயரம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். அது உயரத்தோடு நிற்பதில்லை. கடைசி எழுத்து இரட்டிப்பாகும் விதிக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் கைடுகளில் முதலில் வருவது ஃபேட், ஃபேட்டர், ஃபேட்டஸ்ட். அடுத்து தின், தின்னர், தின்னஸ்ட். அப்புறம் அந்த விதிக்குள் வராத ஃபேர், டார்க். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சொன்னவுடன் வகுப்பு முழுக்கத் திரும்பி யாரைப் பார்க்கும் என்று வகுப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் நிறத்தைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் கேட்பது போதாதா, இங்கிலீஷ் பீரியடிலும் கேட்க வேண்டுமா?

என் தங்கை மகள் வேறு ஊரில் ஒரு பள்ளியில் படிக்கிறாள். கொஞ்சம் பூசின உடம்பு. அவளையும் இன்னும் இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்தி இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார்கள். அந்த ஆசிரியை மோசமானவர் இல்லை, அன்பானவர் என்றுதான் அவளே சொல்கிறாள், பாடத்தைக் கண் முன்னால் காட்ட வேண்டும் என்று நினைத்துச் செய்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வகுப்பில் அவளுக்குப் பெயரே ஃபேட்டஸ்ட் ஆகிவிட்டது. மதியம் டப்பாவைத் திறக்க வெட்கப்பட்டு அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், குழந்தையை அடிக்கக் கூடாது என்பதோடு மனதளவில் துன்புறுத்தவும் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அந்த ஆசிரியைக்குத் துன்புறுத்தும் எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் பிள்ளைக்கு நேர்ந்தது என்னவோ துன்பம்தான்.

சரி, பிள்ளைகளை நிறுத்தாமல் எப்படி நடத்துவது?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒப்பிடுவது என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. அண்ணனுக்குக் கொடுத்த தோசை என் தோசையை விடப் பெரிசு என்று மூன்று வயதுக் குழந்தை சண்டை போடும். அந்தக் குழந்தைக்குக் கருத்தும் தெரியும், அதைச் சொல்லத் தமிழும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, ஆங்கிலத்தில் அந்தப் பண்புச் சொல்லே உருமாற வேண்டும் என்பது. தமிழில் அது மாறுவதில்லை. வைகை நீளம், தாமிரபரணியை விட வைகை நீளம், எல்லாவற்றையும் விடக் காவிரி நீளம். மூன்றிலும் ‘நீளம்’ அப்படியே இருக்கிறது, வேலையெல்லாம் ‘ஐ’ உருபும் ‘விட’வும் பார்த்துக்கொள்கின்றன. ஐந்தாம் வேற்றுமைக்கு எடுத்துக்காட்டாகத் தமிழ் வகுப்பில் ‘காக்கையின் கரிது களாப்பழம்’ என்று சொல்லித் தருவார்கள், அதிலும் ‘கரிது’ கரிதாகவேதான் நிற்கிறது.

அதனால்தான் நம் பிள்ளைகள் ‘வைகை இஸ் லாங் தேன் தாமிரபரணி’ என்று எழுதுகிறார்கள். நான் இதைத் தவறு என்று சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டுப் போவதில்லை. இதில் என்னவெல்லாம் சரியாக இருக்கிறது பாருங்கள். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது சரி, ‘விட’வுக்கு உரிய சொல் சரி, தமிழில் முன்னால் வருகிற தாமிரபரணி ஆங்கிலத்தில் பின்னால் போக வேண்டும் என்பதைக்கூட அந்தப் பிள்ளை பிடித்துவிட்டது. பாக்கி ஓர் ஒலிதான், லாங் என்பது லாங்கர் ஆக வேண்டும். இதை அந்தப் பிள்ளையிடம் இப்படியே சொன்னால் அடுத்த முறை எழுதிவிடும். பட்டியலை இருபது முறை இம்போசிஷன் எழுதச் சொன்னால் பட்டியல்தான் மனப்பாடம் ஆகும், வாக்கியம் வராது. பட்டியலைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பிள்ளைகள் வாக்கியம் எழுதும்போது பாசிட்டிவ் டிகிரியையே எழுதுவதை எந்த ஆங்கில ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு, மோர் லாங்கர், மோர் பெட்டர் என்று இரண்டையும் போடுவது. இதற்கும் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். ஆங்கிலத்தில் ஒப்பீட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது, சொல்லின் வாலில் ஒட்டுவது ஒன்று, மோர் என்று முன்னால் தனிச்சொல் வைப்பது இன்னொன்று. இரண்டு வழி இருக்கும்போது இரண்டையும் சேர்த்துப் போடுவது புதிதாகக் கற்கிறவர்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை, ஷேக்ஸ்பியரே ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் ‘மோஸ்ட் அன்கைண்டஸ்ட்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அன்று அது வழக்கம், இன்று வழக்கம் இல்லை, அவ்வளவுதான் விஷயம் என்று சொன்னால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்தது, எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது. பட்டியல் மூன்று கட்டத்தையும் ஒரே நாளில் தலையில் ஏற்றுகிறது. ஆனால் இரண்டு பொருளை ஒப்பிடுவதும் பல பொருளை வரிசைப்படுத்துவதும் ஒரே வேலை இல்லை. சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே குச்சிகளை வைத்துச் செய்து காட்டியது இதைத்தான். சின்னக் குழந்தை இரண்டு குச்சியில் எது நீளம் என்று சொல்லிவிடும், ஆனால் பத்துக் குச்சிகளைக் கொடுத்துச் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கச் சொன்னால் திணறும். ஏழு வயது வாக்கில்தான் முறையாக அடுக்க வருகிறது, ஏனென்றால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு குச்சியும் ஒன்றை விடப் பெரியதாகவும் இன்னொன்றை விடச் சிறியதாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே சின்ன வகுப்புகளில் கம்பேரட்டிவ் மட்டும் பல நாள் ஓடட்டும். இரண்டு பொருள், ஒரு வாக்கியம், வாயால் சொல்வது. சூப்பர்லேட்டிவுக்கு அவசரமே இல்லை.

குச்சி என்றவுடன் இத்தாலியக் கல்வியாளர் மான்டிசோரி அம்மையார் நினைவுக்கு வருகிறார். அவர் 1939இல் தியோசாபிகல் சொசைட்டி அழைத்து சென்னை அடையாறுக்கு வந்தவர், உலகப் போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் இருந்தார், அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில். அவருடைய பள்ளிகளில் ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்து இளஞ்சிவப்புக் கட்டைகள் இருக்கும், பத்து சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை பத்துச் சிவப்புக் கழிகள் இருக்கும். குழந்தை முதலில் கையால் தூக்கி, அடுக்கி, இடித்துத் தள்ளி, மறுபடி அடுக்கும். சொல் அதற்குப் பிறகுதான் வரும். இது பெரிது என்று ஆசிரியர் சொல்வார், பிறகு பெரியதைக் கொடு என்பார், கடைசியில்தான் இது எப்படி இருக்கிறது என்று கேட்பார். மூன்று படி. நாம் முதல் இரண்டு படியைத் தாண்டிக் குதித்து மூன்றாவது படியில் கேள்வி கேட்கிறோம், பிள்ளை விழிக்கிறது.

அந்தக் கட்டைகளை விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தென்னை ஈர்க்கு எந்த ஊரில் கிடைக்காது? பத்து ஈர்க்கை ஸ்கேல் வைத்துப் பிள்ளைகளையே நறுக்கச் சொன்னால் கணக்குப் பாடமும் முடிந்தது. அப்புறம் எங்கள் பக்கம் சில வீடுகளில் இன்னும் பழைய அளவுகள் கிடக்கின்றன. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. பாட்டியிடம் கேட்டு வாங்கி வா என்றால் ஏதாவது ஒரு பிள்ளை கொண்டுவந்துவிடும். தண்ணீரோ மணலோ அளந்து ஊற்றச் சொன்னால் உழக்கு ஆழாக்கை விடப் பெரிது என்பது அவர்கள் கண்டுபிடித்த உண்மை ஆகிறது, நான் சொன்ன தகவலாக இருப்பதில்லை. இதிலேயே ஒல்லியான உயர டம்ளரையும் அகலமான டபராவையும் வைத்து எதில் அதிகம் பிடிக்கும் என்று கேளுங்கள். உயரமாக இருப்பதில்தான் அதிகம் என்று சின்னப் பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். ஊற்றிப் பார்த்துவிட்டு அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் இருக்கிறதே, ஹையர், வைடர், மோர் என்ற மூன்று சொல்லையும் ஒரே பீரியடில் அவர்களாகவே கேட்டு வாங்குவார்கள்.

தமிழக அரசு 2022இல் தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் இப்படிப் பொருளை வைத்து, பாட்டு வைத்து, விளையாட்டு வைத்துச் சொல்லிக்கொடுக்கும் முறையை ஏற்றுக்கொண்டுவிட்டோம். பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கும்போதுகூட அரும்பு, மொட்டு, மலர் என்று மென்மையான பெயர்களைத்தான் வைத்தார்கள், முதல் இடம் கடைசி இடம் என்று வைக்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்தது. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வந்தவுடன் அந்த முறை காணாமல் போய், பட்டியலும் கைடும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஈர்க்குச்சி சலித்துவிடும் என்பது உண்மை. அவர்களுக்கு ஊரைக் கொடுங்கள், மலையைக் கொடுங்கள். எங்கள் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரியும், 192 அடி என்பார்கள். தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. இந்த நான்கு எண்ணையும் போர்டில் எழுதிவிட்டு நான் ஒதுங்கிவிடுவேன். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாலாவது என்று தெரிந்ததும் பிள்ளைகளுக்கு முகம் வாடும். உடனே யாராவது ஒரு பிள்ளை ஓர் அடி வித்தியாசத்தைக் கவனித்துவிடும், தஞ்சாவூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில். அங்கேதான் ‘எ லிட்டில் ஹையர்’, ‘மச் ஹையர்’ என்ற பேச்சு வருகிறது. பட்டியலில் இந்த ‘எ லிட்டில்’, ‘மச்’ வராது, ஆனால் உண்மையான பேச்சில் கம்பேரட்டிவ் பெரும்பாலும் இவற்றோடுதான் வருகிறது. அப்புறம் வயதைக் கேட்பேன். தஞ்சாவூர் கோயில் 1010இல் கட்டி முடிந்தது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் பல நூறு வருடம் மொட்டையாக நின்று 1987இல்தான் முழுமை ஆனது. ஆக, இந்த நான்கில் மிக உயரமானதுதான் மிகப் புதியதும். தஞ்சாவூரோ நான்கிலும் மூத்தது. ஒன்றில் கடைசியாக நிற்பது இன்னொன்றில் முதலாக நிற்கும் என்பதை இங்கே நான் சொல்ல வேண்டியதே இல்லை, பிள்ளைகள் போர்டைப் பார்த்து அவர்களாகவே எழுதுகிறார்கள்.

ஆறுகளும் அப்படித்தான். காவிரி சுமார் 800 கிலோமீட்டர், வைகை 258, தாமிரபரணி சுமார் 128. வைகை தாமிரபரணியைப் போல இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட சரியாக. ‘ட்வைஸ் ஆஸ் லாங் ஆஸ்’ என்ற அமைப்புக்கு இதை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ‘ஆஸ் லாங் ஆஸ்’ என்பதைப் பிள்ளைகள் பாசிட்டிவ் டிகிரி என்று பெயர் தெரிந்து வைத்திருப்பார்கள், ஆனால் அது ‘அளவுக்கு’ என்கிற நம் பேச்சுதான், தாமிரபரணி வைகை அளவுக்கு நீளம் இல்லை என்பதுதான் என்று சொன்ன பிறகே அதைப் பயன்படுத்த ஆரம்பிப்பார்கள்.

சூப்பர்லேட்டிவில் நான் கண்ட பெரிய குறை, எங்கே என்ற கேள்வியை நாம் கேட்காமல் விடுவது. தொட்டபெட்டா மிக உயரமான சிகரம் என்று ஒரு பிள்ளை சொன்னால், எங்கே என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் என்றால் சரி, 2637 மீட்டர். தென்னிந்தியாவில் என்றால் தப்பு, கேரளத்தில் ஆனைமுடி 2695 மீட்டர் நிற்கிறது. 58 மீட்டரில் சரியான வாக்கியம் தப்பாகிவிடுகிறது. இடம் என்றால் ‘இன்’, கூட்டம் என்றால் ‘ஆஃப்’, ‘இன் தமிழ்நாடு’, ‘ஆஃப் த த்ரீ ரிவர்ஸ்’, இதை விதியாகச் சொன்னால் மறந்துபோகும், ஆனைமுடியைக் காட்டிச் சொன்னால் மறப்பதில்லை. முன்னால் வருகிற ‘த’வையும் அப்போதே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். தமிழில் அப்படி ஒன்று கிடையாது என்பதால் பிள்ளைகள் எப்போதும் அதை விட்டுவிடுவார்கள்.

மெரினாவைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது ஆங்கிலப் பாடத்தைத் தாண்டிய விஷயம். மெரினா உலகத்திலேயே இரண்டாவது நீளமான கடற்கரை என்று நாம் எல்லோரும் பொது அறிவுப் புத்தகத்தில் படித்தோம், இன்றும் பேச்சுப்போட்டியில் பிள்ளைகள் சொல்கிறார்கள். மெரினாவுக்குச் சொல்லப்படும் நீளம் அதிகபட்சமாகப் பதின்மூன்று கிலோமீட்டர். வங்கதேசத்தில் காக்ஸ் பஜார் சுமார் 120 கிலோமீட்டர். பிரேசிலில் காசினோ கடற்கரை 200 கிலோமீட்டருக்கு மேல். இந்த இரண்டுக்குப் பின்னால் வந்தாலே மூன்றாவதுதானே, அப்புறம் உலகத்தில் மற்ற கடற்கரைகளும் இருக்கின்றன. இந்த எண்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, மெரினா பற்றி உண்மையான ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று கேட்டேன். ஒன் ஆஃப் த லாங்கஸ்ட் சிட்டி பீச்சஸ் என்று எழுதினார்கள். நகரத்துக்குள்ளே இருக்கும் கடற்கரை என்று எல்லையைக் குறுக்கி, முதல் என்று சொல்லாமல் ஒன்று என்று சொல்லி, ‘ஒன் ஆஃப் த’ வந்தால் பின்னால் பன்மை வர வேண்டும் என்பதையும் விடாமல். எனக்கு அன்று இருந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல வரவில்லை. நம் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லலாம், ஆனால் அளந்து பார்த்துச் சொல்லலாம் என்பது அவர்களுக்குப் பிடிபட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் அளக்க முடியாது என்பதும் பாடத்தில் வர வேண்டும். யோசித்துப் பாருங்கள், நீளம், உயரம், கனம், சூடு, வேகம் மாதிரி ஸ்கேலோ தராசோ வைத்துச் சொல்லக்கூடியவற்றுக்கு ஆங்கிலத்தில் சின்னச் சின்னச் சொற்கள், அவை வாலில் ஒட்டிக்கொண்டு மாறுகின்றன. பியூட்டிஃபுல், இன்ட்ரஸ்டிங், யூஸ்ஃபுல் மாதிரி ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயங்களில் நிறைய நீளமான சொற்கள், அவற்றுக்கு மோர், மோஸ்ட். இது கறாரான விதி இல்லை, குட் என்பதும் அபிப்பிராயம்தான், எக்ஸ்பென்சிவ் என்பதை விலை கேட்டுச் சொல்லிவிடலாம். ஆனாலும் வகுப்பில் இந்தப் பிரிவினை நன்றாக வேலை செய்கிறது. முதல் வகை வாக்கியம் சொன்னால் எப்படித் தெரியும், அளந்தாயா என்று கேட்கலாம். இரண்டாம் வகை சொன்னால் முன்னால் ‘ஐ திங்க்’ போடச் சொல்லலாம். புரோட்டாவை விட இடியாப்பம் ருசி என்று ஒரு பிள்ளை சொன்னால் அதில் யாரும் தோற்பதில்லை, அடுத்த பிள்ளை மாற்றிச் சொல்லலாம், இரண்டும் சரியான ஆங்கிலம்.

எது வாலில் ஒட்டும், எதற்கு மோர் வரும் என்பதைச் சொல்லின் ஒவ்வோர் அசைக்கும் ஒரு முறை கைதட்டிச் சொல்லிக்கொடுப்பது நல்லது. ஒரு தட்டு என்றால் ஒட்டும், மூன்று தட்டு என்றால் மோர். இரண்டு தட்டுச் சொற்கள்தான் தகராறு. ஹாப்பி, ஈசி, நேரோ, ஜென்டில், கிளவர் போன்றவை ஒட்டும், கேர்ஃபுல் போன்றவை ஒட்டாது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. வாலில் ஒட்டுவது ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானியச் சொத்து. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சிலிருந்து நீளமான சொற்கள் வந்து குவிந்தன, அவை பெரும்பாலும் மோர் வழியிலேயே போயின. சீனியர், ஜூனியர், சுப்பீரியர் மூன்றும் லத்தீனிலிருந்து ஒப்பீட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு வந்த சொற்கள், அதனால்தான் அவற்றுக்கு ‘தேன்’ வராமல் ‘டு’ வருகிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை ஒரு கதையாகச் சொன்னால் போதும். ஸ்பெல்லிங் மாற்றங்களை, அதாவது கடைசி எழுத்து இரட்டிப்பது, ஒய் போய் ஐ வருவது இவற்றையெல்லாம், வாயால் பேச வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பிக், ஹாட், வெட் என்று பொருளுக்கும் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்துகிற சொற்கள் நிறைய இருக்கின்றன. ஃபேட் இல்லாமலே அந்த விதியைச் சொல்லி முடித்துவிடலாம்.

இனி தேர்வு. கொடுத்த வாக்கியத்தை வேறு டிகிரிக்கு மாற்று என்ற கேள்வியை நான் வெறுக்கவில்லை. அதில் நல்ல தர்க்கப் பயிற்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓடும் மற்ற எந்த ஆற்றையும் விடக் காவிரி நீளம் என்று சொல்லும்போது ‘எனி ரிவர்’ என்று எழுதினால் காவிரி தன்னை விடத் தானே நீளம் என்று ஆகிவிடும், அதனால்தான் ‘எனி அதர் ரிவர்’. ஊட்டியின் தட்பவெப்பத்தைச் சென்னையோடு ஒப்பிட முடியாது, சென்னையின் தட்பவெப்பத்தோடுதான் ஒப்பிட முடியும், அதனால்தான் நடுவில் ‘தட் ஆஃப்’ வருகிறது. இவையெல்லாம் அழகான விஷயங்கள். ஆனால் கேள்வித்தாளில் எப்படி வருகிறது? ரவி வகுப்பிலேயே உயரமான பையன், சீதா எல்லாரிலும் அழகான பெண், மணி மற்றவர்கள் அளவுக்குப் புத்திசாலி இல்லை. வருடா வருடம் அதே ரவி, சீதா, மணி. பாவம் அந்த மணி. கேள்வித்தாளில் இந்த வாக்கியங்கள் இருக்கும் வரை வகுப்பிலும் இவைதான் நடக்கும், ஏனென்றால் ஆசிரியர்கள் கேள்வித்தாளைப் பார்த்துத்தான் பாடம் எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஓர் ஆசிரியர் தலையில் எத்தனை பதிவேடுகள் என்று எனக்கும் தெரியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் பிள்ளை இந்தப் பாடத்தைப் படிக்கும்போது அண்ணனையும் தங்கையையும் வைத்து வாக்கியம் அமைக்கச் சொல்லாதீர்கள். சமையலறையில் வெங்காயம் இருக்கிறது, சின்னதும் பெரியதும். எலுமிச்சை, நெல்லிக்காய், புளி மூன்றையும் நாக்கில் வைத்து எது அதிகப் புளிப்பு என்று கேளுங்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே ஆங்கிலம் பேசும்.

கல்வித் துறைக்கு என் வேண்டுகோள் இரண்டு. கேள்வித்தாள் எடுப்பவர்களுக்கான குறிப்பில், ஒப்பீட்டு வாக்கியங்களில் பிள்ளைகளின் உடம்பு, நிறம், அறிவு, மதிப்பெண் ஆகியவை வரக் கூடாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்புறம் ஆசிரியர் பயிற்சியில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லும்போது, மூன்று பிள்ளைகளை எழுப்பி நிறுத்தும் அந்தப் பழைய முறையை அங்கேயே தடுத்துவிட வேண்டும். பயிற்சிக்கு வருகிற இளம் ஆசிரியர்கள் இன்னும் அதைத்தான் செய்கிறார்கள், யாரோ அவர்களுக்கு அப்படிச் செய்யச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். பாடப்புத்தகத்தை மாற்ற வேண்டாம், பணம் ஒதுக்க வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் வந்தால் இந்த வருடப் பிள்ளைகளுக்கே பயன்படும்.

இப்படிக்கு,
ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியை ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.